பல்லாட்டி இறக்கம்

கணவன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் இப்போது அருகிவிட்டார்கள் என்கிறார்கள். சுலோஜனா இருக்கும்வரை அந்தக் கூட்டம் முற்றாக அழிந்துவிடாது. கொஸ்லந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்தாளர் வேலை. வாய்க்குள் நுழையாத மருந்துப் பெயர்களையெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லுவாள். 'மதுரன்' என்ற நாலு எழுத்து மட்டும் நாக்கில் ஏறாது. வீட்டில் "இஞ்சேருங்கோ" என்று குரல் எழுந்தால் அது மதுரனுக்கு. வெளியாட்களிடம் "நிவேதியின்ர அப்பா". மகள் நிவேதிகா பிறப்பதற்கு முன்னர் என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். "இவர்" என்று சொல்லி, அவன் நிற்கும் பக்கமாக நாடியை நீட்டிக் காட்டுவாள்.

கலியாணமான புதிதில் மதுரன் இதை வைத்து அவளைப் பாடாய்ப் படுத்தினான்.

"ஒருக்கா மதுரன் எண்டு சொல்லும். நல்ல சீலை ஒண்டு எடுத்துத் தாறன்."

"அந்தச் சீலையை நீங்களே உடுத்துங்கோ."

இந்தக் கேலி ஒரே நாளில் நின்றது. தொண்ணூற்றேழில், அவள் வயிற்றில் நிவேதிகா இருந்த சமயம், இருவரும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் இறக்கினார்கள். மதுரனின் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிப்பாய் அவளிடம் வந்தான். அதோ நிற்கிறவன் உன் புருஷனா, அப்படியானால் பெயரைச் சொல் என்றான். இவள் பழக்கதோஷத்தில் நிலத்தைப் பார்த்துச் சிரித்தாள். பெயர் தெரியாத பெண்டாட்டியை அந்தச் சிப்பாய் வாழ்க்கையில் கண்டதில்லை. அவன் கத்தத் தொடங்கினான், இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள், ஒரு துப்பாக்கி மதுரனின் நெஞ்சுக்கு நேராக நிமிர்ந்தது. அப்போதுதான் அவள் வாய் திறந்தது. "மதுரன்! மதுரன்!" என்று அடிவயிற்றிலிருந்து அலறினாள். அது அவள் குரலாகவே இருக்கவில்லை.

விட்டுவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் மதுரன் அடையாள அட்டையைச் சேட்டுப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். பிறகு, "அந்தக் குரலை இனி நான் கேக்கக்கூடாது" என்றான். அதன்பிறகு சீலைப் பேச்சு எழவில்லை.

மதுரனுக்குப் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர் வேலை. கிழமையில் ஐந்து நாளும் கோவைகளுக்குள் முகத்தைப் புதைத்திருப்பான். ஞாயிறு வந்தால் சைக்கிள்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குச் சைக்கிள் என்பது மூன்றாவது கால். ஆனால் அங்கே தரை பலகை மாதிரி. இங்கே கொஸ்லந்தவுக்கு மேலே கூனிமலை வனக்காப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கோப்பி மூட்டை இறக்கவென்று வெட்டிய கிறவல் பாதைகள் அந்தக் காட்டுக்குள் இன்னும் கிடந்தன. செம்மண்ணும் வெள்ளைக்கல்லும் கலந்த பாதை. சில இடங்களில் பைனஸ் மரத்து ஊசி இலைகள் உதிர்ந்து வழுக்கும், சில இடங்களில் மானாப்புல் இரண்டு பக்கமும் வந்து காலைக் கீறும். வந்த முதல் மாதம் பழைய சைக்கிளோடு ஏறி, முழங்கால் தேய்ந்து திரும்பி வந்தான். அடுத்த ஞாயிறும் போனான். அந்த மலை அவனைப் பிடித்துக்கொண்டது.

பெரகல சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஸலீம் நானாதான் அவனுக்குக் கியர் வைத்த, தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்றைத் தேடிக் கொடுத்தவர். அதற்குப் பிறகு மதுரனைப் பிடிக்க முடியவில்லை. மலையில் கண்டதற்கெல்லாம் பெயர் வைத்தான். ஒரு செங்குத்தான ஏற்றத்துக்குப் பென்ஷன் ஏற்றம் என்று பெயர். அதில் ஏறினால் தன்னுடைய செயலகத்துப் பெரியவருக்கு அன்றைக்கே பென்ஷன் எழுத வேண்டிவரும் என்பான். கல்லுக் குலுக்கலில் பல்லெல்லாம் ஆடும் ஒரு சரிவு பல்லாட்டி இறக்கம். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் சுற்றி வருவது சின்னச் சுற்று. மலையின் தோளில் ஏறி, பல்லாட்டி இறக்கத்தால் விழுந்து, பெரகலயில் போய் ஸலீம் நானாவின் கடையில் தேத்தண்ணி குடித்து முடிப்பது பெரிய சுற்று.

பெரிய சுற்றுக்குச் சுலோஜனா முதலிலிருந்தே எதிர். மலை உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று நின்றது. அதற்கு ஆமிச் சிப்பாய்கள் காவல். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையை வைத்துக்கொண்டு ஒருவன் அந்தக் கோபுரத்துக்குக் கீழே காட்டுப் பாதையில் சுற்றுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கு ஓடத்தான் வேணுமெண்டா சின்னச் சுற்று ஓடுங்கோ. மேல போகக்கூடாது."

"காவலில நிக்கிற பெடியளுக்கு என்னைத் தெரியும். கை காட்டுறவங்கள்."

"கை காட்டுறவன் மாறிப்போனா?"

மதுரன் மகளைப் பக்கத்தில் இழுத்தான். சரி, சின்னச் சுற்று மட்டும் என்று மகளின் தலையில் கை வைத்துச் சொன்னான். சத்தியமெல்லாம் சைக்கிள் ஏறும்வரைதான் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு. முதல் நாள்தான் ஸலீம் நானா, கிறவலுக்கென்றே செய்த புது டயர் இரண்டு கொழும்பிலிருந்து எடுப்பித்துப் போட்டுக் கொடுத்திருந்தார். காலையில் மதுரன் சைக்கிளை நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்ற மணப்பெண்ணைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சின்னச் சுற்றுத்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பன்" என்று போனான்.

மத்தியானம் வந்தது. அவன் வரவில்லை. சுலோஜனா சோற்றைப் போட்டு, தட்டை மூடி வைத்தாள். மகளுக்கு வாயில் சோறு தீத்தினாள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். சங்கிலி அறுந்திருக்கும், காற்றுப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மலையில் பனிப்புகார் இறங்கத் தொடங்கியதும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து குவாட்டர்ஸில் இருந்த சிங்களத் தாதியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரித் தொலைபேசியில் பெரகலவுக்கு எடுத்தாள். ஸலீம் நானாவின் கடைக்கு இன்றைக்கு அவன் வரவே இல்லை.

"நீங்க அங்கயே இரிங்க மிஸ். நான் வேனைக் கொண்டு வாறேன்" என்றார் அவர்.

அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை. தோட்டப் பாதையால் ஏறி, காட்டோரக் கடைசி லயத்துக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் நல்லையா, தோட்டத்துக் கங்காணி. ஒவ்வொரு ஞாயிறும் மதுரனோடு இரண்டு வார்த்தை பேசி அனுப்புகிறவர்.

"சார் கீழ்ப் பாதையில போகலீங்கம்மா. காலையிலயே மேல ஏறிட்டாரு. புது டயரு போட்டிருக்கேன் கங்காணி, இன்னைக்கு பெரிய ரவுண்டுன்னு சிரிச்சிக்கிட்டே போனாரு."

சுலோஜனாவுக்கு முதலில் வந்தது கோபம். பிறகுதான் பயம். இரண்டும் சேர்ந்து அவளைப் பக்கத்துக் கல்லில் உட்கார வைத்தன.

ஸலீம் நானாவின் வேன் வந்து சேர்ந்தது. அந்த லயத்து வாசலில் நின்றுதான் மூன்று பேரும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பொலிசுக்குச் சொல்வதா, இல்லையா?

"வேணாங்கம்மா" என்றார் நல்லையா. "போன ஐப்பசியில பண்டாரவள பக்கம் பொலிசு பாத்துக்கிட்டு நிக்க, முகாமுல இருந்த தமிழ்ப் பசங்கள அடிச்சிக் கொன்னது தெரியுந்தானே. இப்ப யாழ்ப்பாணத்து ஆளு ஒருத்தரு காட்டுக்குள்ள காணாமப் போயிட்டாருன்னு சொன்னா, விழுந்து கெடக்காருன்னு நெனைப்பாங்களா, ஒளிஞ்சிக்கிட்டாருன்னு நெனைப்பாங்களா? நாங்க நாலு பேரு தப்பு மேளத்த அடிச்சிக்கிட்டு போறோம். பொழுது சாயறதுக்குள்ள தேடிப் பாத்துடலாம்."

ஸலீம் நானா தலையை ஆட்டினார். "சொல்லாமப் போனா அதை விட மோசம் கங்காணி. மேல ஆமி காவல் ஈக்கி. இந்தப் பனிக்குள்ள நாலு பேர் நடந்து போனா அவங்களுக்கு யாரெண்டு விளங்குமா? வெடி வெச்சிட்டுத்தான் கேப்பாங்க. மிஸ், நான் கூட வாறேன். எனக்கு பொலிஸ் சார்ஜனைத் தெரியும்."

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் கொடுமை. சொன்னால் அவனைச் சந்தேகிப்பார்கள், சொல்லாவிட்டால் தேடப்போகிறவர்களைச் சுடுவார்கள். ஒரு மனிதன் சைக்கிளில் போய் விழுந்தால் அவனைத் தேடுவதற்குக்கூட இப்படிக் கணக்குப் பார்க்க வேண்டிய காலமாக இருந்தது அது. அவன் எங்கேயோ இரத்தம் ஓடக் கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, தன் காலில் ஏறிய அட்டையைக்கூடத் தட்டாமல் அவள் நின்றாள். கடைசியில் வேனுக்குள் ஏறினாள்.

பொலிஸ் நிலையத்துச் சார்ஜன் ஓய்வுபெறும் வயதை அண்டிய, தொந்தி வைத்த மனிதர். அவளை உட்காரச் சொன்னார். ஸலீம் நானா சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லி, அந்த டயரைத் தான்தான் போட்டுக் கொடுத்தேன் என்று கண்கலங்கியபோது, அவர் தோளில் தட்டினார். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு எவ்வளவோ சுலபம்.

அவர் கோபுரத்துக்குத் தொலைபேசி எடுத்து நீண்ட நேரம் பேசினார். வைத்துவிட்டு, ஸலீம் நானாவைப் பார்த்துச் சொன்னார். மேலே புதிய படைப்பிரிவு, போன கிழமைதான் வந்திறங்கியது, அவர்களுக்கு இந்தச் சைக்கிள்காரரைத் தெரியாது. தப்பு அடிக்கக் கூடாது. விளங்காத சத்தம் எதுவும் கூடாது. மதுரன் என்று ஒருவர் காணாமல் போயிருக்கிறார், அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள் தேடுகிறவர்கள், அவர்கள்மேல் வெடி வைக்க வேண்டாம் என்று ஒழுங்கு செய்திருக்கிறேன். ஆகவே பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெண் குரல் என்றால் இன்னும் நல்லது.

பிறகு அவளிடம் திரும்பி, தெரிந்த தமிழில் சொன்னார்: "நோனா, நல்லா சத்தமா கூப்பிடணும். பேரு. பேரு மட்டும். நிக்காம."

சுலோஜனா தலையசைத்தாள். பெயர் சொல்லக் கூசுகிற நேரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொலிஸ் ஜீப் பாதை உள்ளவரை போய் நின்றது. அதற்கு மேலே நடை. பனிப்புகாருக்குள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் துவக்கோடு இரண்டு கான்ஸ்டபிள்கள், அடுத்து சார்ஜன், அவர் பக்கத்தில் சுலோஜனா, பின்னால் ஸலீம் நானாவும் நல்லையாவும். மேலே எங்கேயோ புகாருக்குள் துவக்குகள் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். முதல் தரம் காற்றுத்தான் வந்தது.

"நோனா, சத்தமா!" என்றார் சார்ஜன். அவர் குரலிலும் பயம் இருந்தது.

"மதுரன்!" என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. "மதுரன்! மதுரன்!" கான்ஸ்டபிள்கள் "மதுரன் மாத்தயா!" என்று சிங்களத்தில் குரல் கொடுத்தார்கள். மலை அந்தப் பெயரை வாங்கி, அங்கும் இங்கும் எறிந்தது. கலியாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த பெயர் முழுவதையும் அந்த ஒரு பின்னேரத்தில் அவள் செலவழித்தாள்.

பென்ஷன் ஏற்றத்தில் சைக்கிள் தடம் தெரிந்தது. புது டயரின் கட்டை கட்டையான அடையாளம். மலையின் தோளைத் தாண்டியும் தெரிந்தது. பல்லாட்டி இறக்கத்தில் கல்லு அதிகம், தடம் அங்கே மறைந்துபோனது. இறக்கத்தின் அடியில் பாதைக்குக் குறுக்கே மழைத்தண்ணீர் போக ஒரு மதகு. பெரிய சீமெந்துக் குழாய் ஒன்று பாதைக்கு அடியால் போகும், அதன் வாயை மூடிக்கொண்டு பன்னச்செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். எல்லோரும் அந்த மதகின்மேல் நின்று மூச்சு வாங்கினார்கள். சார்ஜன் ஒரு சிகரட் பற்றவைத்தார். கான்ஸ்டபிள் ஒருவன் துவக்கின் முனையால் பன்னச்செடியை விலக்கிப் பார்த்தான். சுலோஜனா பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

ஒரு சத்தமும் வரவில்லை.

இருட்டினால் காட்டுக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பது மேலிருந்து வந்த உத்தரவு. நாளைக்கு எட்டு மணிக்குப் பிறகு வருவோம் என்றார் சார்ஜன். அவள் மாட்டேன் என்று பாதையில் உட்கார்ந்துவிட்டாள். ஸலீம் நானா, "பிள்ளை ஈக்கி மிஸ், பிள்ளையை நினைச்சுப் பாருங்க" என்று கெஞ்சி அழைத்துக்கொண்டு வந்தார். அன்றிரவு மலையில் மழை பெய்தது. அவள் யன்னலைத் திறந்து வைத்தபடி இருந்தாள், அவன் நனைவதைத் தானும் கொஞ்சம் நனைந்து குறைத்துவிடலாம் என்று நினைத்தவளைப்போல.

நிலம் வெளுக்கும்போதே அவள் நல்லையாவின் லயத்து வாசலில் நின்றாள். அவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வெளியே வந்தார். ஆட்களுக்கு அன்றைய வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டிய நேரம் அது.

"பொலிசு வர்றதுக்குள்ள போறது சரியில்லீங்கம்மா" என்றார். அவள் சீலைக் கரையைத் தூக்கிச் செருகினாள். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வாங்க. பெரட்டு கெடக்கு, ஒருத்தன் பாத்துக்குவான்" என்று முன்னால் நடந்தார்.

மழைக்குப் பிறகு கிறவல் பாதை கழுவித் துடைத்ததுபோல் கிடந்தது. தடம் ஒன்றும் இல்லை. சுலோஜனாவுக்குத் தொண்டை முழுவதும் அடைத்துப்போயிருந்தது. மதுரன் என்று கத்த நினைத்தால் புண்பட்ட ஒரு கீச்சுத்தான் வந்தது. பல்லாட்டி இறக்கத்தின் மதகடிக்கு அவள் வந்து சேர்ந்தாள். நேற்று சார்ஜன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். நல்லையா இன்னும் கொஞ்சம் கீழே பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

தனியே இருந்தபோது நேற்றைய கோபம் திரும்பி வந்தது. பிள்ளையின் தலையில் கை வைத்துப் பொய் சொல்லிவிட்டுப் போனவனை இன்னும் ஒருதரம் கண்ணால் கண்டால் போதும், கேட்க வேண்டியதை அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. அடுப்படியில் நின்று பேசுகிற அதே அடங்கிய குரலில், யாருக்கும் இல்லாமல், அவள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ… நேற்றையான் சோறு மூடி வைச்சபடியே கிடக்கு."

"ஓம்" என்றது ஒரு குரல்.

அவளுக்கு அடியிலிருந்து வந்தது. மதகுக் குழாய்க்குள் இருந்து.

"நீர் தனியவோ வந்தனீர்?"

அவள் பன்னச்செடிகளுக்குள் விழுந்தடித்து இறங்கினாள். "நல்லையா நிக்கிறார். வேற ஆரும் இல்லை. ஐயோ, இஞ்சேருங்கோ!"

"அவங்கள் போயிட்டாங்களோ?"

"ஆர்?"

"உம்மைக் கொண்டுவந்தவங்கள்."

அவள் குழாய்க்குள் தலையை நுழைத்தாள். தண்ணீர் ஓடும் இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து, நடுங்கிக்கொண்டு கிடந்தான். சைக்கிளையும் உள்ளே இழுத்து வைத்திருந்தான். இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சைக்கிளோடு கொண்டுபோன மேலதிக டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். இரத்தத்தை நிறுத்தியது அந்தக் கட்டுத்தான். கட்டுக்குக் கீழே பாதத்தின் நிறத்தை அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு அந்த நிறம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாதத்தைத் தொட்டாள். குழாயின் சீமெந்தைத் தொட்டதுபோல் இருந்தது.

"எப்ப கட்டினீங்கள்?"

"விழுந்த உடன. புது டயர், கல்லில சறுக்கிப்போட்டுது."

நல்லையா ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்து, கம்பளியில் அவனைத் தூக்கிப் போட்டார். தோட்டத்து ஆட்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே, செய்தி கேட்டு வந்த ஸலீம் நானாவின் வேன் நின்றது. பதுளை வரைக்கும் வளைவுக்கு வளைவு அவன் முனகினான். தலை அவள் மடியில் இருந்தது. ஹப்புத்தளை தாண்டியதும் மெல்லப் பேசத் தொடங்கினான்.

"முதல் ஜீப் சத்தம் கேட்டது. பிறகு சிங்களத்தில ஆக்கள் கதைச்சுக்கொண்டு வந்தாங்கள். கோபுரத்து ஆமி எண்டு நினைச்சன். சைக்கிளை இழுத்துக்கொண்டு குழாய்க்குள்ள பூந்திட்டன். எப்பிடி இழுத்தனோ தெரியாது."

"அது பொலிஸ். உங்களைத் தேடித்தான் வந்தவை. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"பிறகு உம்மட குரல் கேட்டது. நேர எனக்கு மேல. 'மதுரன், மதுரன்' எண்டு. அதே குரல். கொழும்பில கேட்ட அதே குரல்." கொஞ்சம் மூச்செடுத்தான். "நீர் உம்மட பாட்டில என்ர பேரைச் சொல்லமாட்டீர். உம்மைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு, கூப்பிடு எண்டு சொல்லுறாங்கள் எண்டு நினைச்சன். ஒருத்தன் துவக்கால செடியைத் தட்டினான். நான் சத்தம் போட்டா ரெண்டு பேரும் முடிஞ்சம். நான் அங்க இல்லையெண்டு கண்டா உம்மையெண்டாலும் விட்டிடுவாங்கள். சேட்டுக் கொலரை வாய்க்குள்ள வைச்சுக் கடிச்சுக்கொண்டு கிடந்தன்."

சுலோஜனா அவன் சேட்டைப் பார்த்தாள். கொலர் பல்லுப் பட்டுக் கிழிந்திருந்தது. முன்னால் ஸலீம் நானா வேனை ஓட்டிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

அவள் அழவில்லை. நல்லையாவின் பேச்சைக் கேட்டிருந்தால் என்று ஒருதரம் நினைத்தாள். தப்புச் சத்தத்துக்கு அவன் குரல் கொடுத்திருப்பான். அல்லது அந்தப் பனிக்குள் தப்போடு போன நாலு பேரும் இன்றைக்குப் பிணமாகக் கிடந்திருப்பார்கள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பிழை செய்தவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. அதனால் எல்லாம் சேர்ந்து அவள் தலையிலேயே வந்து இறங்கியது.

பதுளை ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் டியூப் கட்டுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். ஊசியால் குத்திப் பார்த்தார். மதுரன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான், குத்தியது அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் சுலோஜனாவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார்.

"முழங்காலுக்குக் கீழ எடுக்கத்தான் வேணும். நேற்றுப் பின்னேரம் கொண்டுவந்திருந்தா…" என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நேற்றுப் பின்னேரம் அவள் அவனுக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலேதான் நின்றாள்.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவடியில் தள்ளுவண்டியை நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து ஒரு தாதி வந்தார். ஆள் மாறிப் போய்விடக் கூடாது என்பதற்காக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், சுலோஜனாவே தன் ஆஸ்பத்திரியில் நாளுக்கு நூறு தரம் கேட்கிற கேள்விதான். "நோயாளியின்ட பேர் என்ன?"

சுலோஜனா தயங்கவில்லை. கூச்சமெல்லாம் மலையிலேயே கழிந்துபோயிற்று.

"மதுரன்" என்றாள்.

தள்ளுவண்டியில் கிடந்தவனின் உடம்பு விறைத்தது. கண்ணை இறுக மூடினான். மூச்சைப் பிடித்தான். கை மெல்ல எழுந்து, அங்கே இல்லாத சேட்டுக் கொலரைத் தேடியது.

"இஞ்சேருங்கோ, நான்தான்" என்று அவள் குனிந்து சொன்னாள். "நான்தான். ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் நிக்கிறன்."

அவன் கண்ணைத் திறப்பதற்கு முன்னர் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.